வாங்க சொல்லாத இருபது நிமிடம்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். வைத்த பிறகு இரண்டு நாள் உன் அம்மாவோடும் பேசவில்லை. அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை, ஆனாலும் பக்கத்தில் இருந்தது அவள்தான். இன்றைக்குப் பாலிடெக்னிக்கில் எனக்கு வகுப்பு இல்லை, உட்கார்ந்து எழுதுகிறேன். நேரிலேயே சொல்லக்கூடாதா என்று நீ நினைப்பாய். நாம் இருவரும் நேரில் பேசி எந்த வாக்கியம் கடைசி வரை போயிருக்கிறது? பாதியில் நீ எழுந்து போவாய், இல்லையென்றால் நான் டிவி சத்தத்தைக் கூட்டுவேன். எதற்காக இப்படித் திறந்த கடிதமாக, நாலு பேர் படிக்கிற மாதிரி எழுத வேண்டும் என்றும் கேட்பாய். உன்னைக் கேலி செய்ததெல்லாம் நாலு பேர் கேட்கத்தான் செய்தேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதை மட்டும் ரகசியமாகச் செய்தால் நன்றாக இருக்காது.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். உனக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. இணைச்சீருக்கு உன் பக்கத்தில் உட்கார்ந்து கூறைப்புடவையின் மறுமுனையைப் பிடிக்க ஓர் அக்காவோ தங்கையோ வேண்டும். முறைப்படி அது உன் பெரியப்பா மகள் கோகிலா. பள்ளிக்கூடம் லீவு விட்டால் உடுமலைப்பேட்டைக்கு ஓடிப்போய் அவள் பின்னாலேயே சுற்றியவன் நீ. ஆனால் அவள் அப்பாவோடு, அதாவது என் சொந்த அண்ணனோடு, நான் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. ஆகவே உன் சின்னம்மா மகளை உட்கார வைத்துச் சீரை முடித்துவிடலாம் என்று சொன்னேன். நீ சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அக்கா வராட்டி சீரே வேண்டாமுங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். இணைச்சீர் இல்லாமல் நம் வீட்டில் ஒரு கல்யாணம்! இது என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான், தினமும் கண்ணை மூடி மனதைச் சும்மா விடுங்கள் என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

முதலில் உன் கதையிலிருந்து வருகிறேன், ஏனென்றால் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. இரண்டு வருடம் முன்பு ஒரு திங்கட்கிழமை காலை, ஆபீஸுக்குக் கிளம்பி ஷூவைக்கூட மாட்டிவிட்டு, குளியலறைத் தரையில் போய் உட்கார்ந்துகொண்டாய். மூச்சு வாங்கியது. உன் அம்மா தண்ணீர் எடுக்க ஓடினாள். நான் வாசற்படியில் நின்றுகொண்டு, "காடு காயுதா, மாடு சாவுதா? ஏசி ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டரத் தட்டறதுக்கு என்றா பதட்டம் உனக்கு?" என்று கேட்டேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். அந்தப் பார்வையை நான் எதில் சேர்ப்பது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு நீயாகவே ஒரு டாக்டரைப் பார்த்தாய், அவர் சொல்லி ஒரு வகுப்புக்குப் போனாய், தினமும் காலை ஆறு மணிக்கு மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிடம் உட்கார ஆரம்பித்தாய். எவரும் உன்னைத் தள்ளவில்லை. இருபத்தாறு வயதில் தன் வியாதியைத் தானே தெரிந்துகொண்டு தானே மருந்து தேடினவனை ஒரு தகப்பன் தோளில் தட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் "பெரிய சாமியாரு மேல தவத்துல இருக்காருங்க, இறங்கி வந்தா விபூதி வாங்கிக்கலாமுங்க" என்றேன். சிரித்தார்கள். நம் பக்கத்தில் மரியாதைக்காகவே பாதிப் பேர் சிரிப்பார்கள், நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. தினமும் ஆறு மணிக்கு உன் ஜன்னலுக்குக் கீழே தண்ணீர் மோட்டார் ஓடியதே, அது தொட்டி நிரப்புவதற்காக ஓடவில்லை. தொட்டி முந்தின நாள் சாயங்காலமே நிறைந்திருக்கும். நீ கதவைச் சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் போய் சுவிட்சைப் போடுவேன். மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் வழிந்து பின்பக்கம் கருவேப்பிலைச் செடி அடியில் கொட்டும். சிங்காநல்லூரில் பாதி வீதி குடிநீர் வண்டிக்குக் காத்திருக்கும் நாளில்கூட அதைச் செய்தேன். எதற்கு? என் வீட்டுக்குள் என் மகன் ஒரு கதவைச் சாத்திக்கொண்டு நான் இல்லாத ஓரிடத்துக்குப் போகிறான், போய்விட்டுத் தெளிந்த முகத்தோடு இறங்கி வருகிறான். எனக்கு அது பொறுக்கவில்லை. ஏழெட்டு மாதம் பார்த்துவிட்டுப் பீளமேட்டில் நண்பர்களோடு அறை எடுத்துப் போனாய். "ஆபீஸ் பக்கமுங்கப்பா" என்றாய். அரை மணி நேர பஸ் பயணத்துக்கு ஓர் அறை! நீயும் மரியாதைக்காரன்தான், என்னிடமிருந்துதானே கற்றாய்.

சரி, என் கதைக்கு வருகிறேன். போன மாதம் லேப் நடந்துகொண்டிருந்தது. லேத் மெஷின் முன்னால் நின்று ஒரு மாணவனுக்கு அளவு எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சு குதிரை ஓடுவது மாதிரி அடிக்க ஆரம்பித்தது, உள்ளங்கை நனைந்தது, இப்போது செத்துப்போகப் போகிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் எல்லா ஒயரையும் மாட்டிப் பார்த்தார்கள். உன்னைவிடச் சின்னவனாகத் தெரிந்த ஒரு டாக்டர் வந்து, "ஹார்ட்டு நல்லா இருக்குதுங்க சார். இது பதட்டமுங்க. வாரம் ஒருக்கா இங்க பேச வாங்க, அது போக தினமும் காலைல இருபது நிமிஷம் கண்ண மூடி உக்காந்து மூச்ச எண்ணுங்க" என்றார். இதைச் சொல்வதற்கா இத்தனை வருடம் படித்தீர்கள் என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்குகிற விதத்தைப் பார்த்த பிறகுதான் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. "ஏனுங்க, ஊட்டுக்குப் போயி மோட்டாரு போட்டுடட்டுங்களா?" என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது, பார். அந்த ஏழெட்டு மாதமும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

உட்கார்ந்தேன். சம்மணம் போட முழங்கால் விடவில்லை, போர்டிகோவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றிலிருந்து பத்து வரை மூச்சை எண்ண வேண்டும், நடுவில் மனம் எங்காவது போய்விட்டால் மறுபடி ஒன்று. எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைகூடச் செய்யும் என்று நினைத்தேன். நாலாவது மூச்சில் எங்கள் துறைத்தலைவர் வந்துவிட்டார். நான் சேர்ந்து ஆறு வருடம் கழித்துச் சேர்ந்தவர், எனக்கு வர வேண்டிய நாற்காலியில் இருப்பவர். அவரிடம் நான் சொல்லாமல் விட்டதை எல்லாம் ஒழுங்காகக் கோர்த்து, ஆதாரத்தோடு, அற்புதமான தமிழில் சொல்லி முடித்தேன். கண்ணைத் திறந்தால் இருபது நிமிடம் போயிருந்தது, ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. மறுநாள் ஆறாவது மூச்சில் என் அண்ணன் வந்தார். அதற்கடுத்த நாளும் அவர்தான். பத்து நாளில் ஒரு நாள்கூடப் பத்து வரை எண்ணவில்லை. இதில் மனம் லேசாகும் என்று எவர் சொன்னது? மற்ற நேரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நினைக்கிற பகையை எல்லாம் வரிசையில் நிற்க வைத்து விசாரிப்பதற்கு ஒரு நேரம் ஒதுக்கின மாதிரி ஆகிவிட்டது. உனக்கு போன் செய்து, "இது என்ன கண்றாவி, உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்க நினைத்தேன். கேட்டால் தோற்ற மாதிரி ஆகுமே என்று கேட்கவில்லை.

அப்புறம்தான் போன சனிக்கிழமை. உன் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அன்றைக்கு உட்கார்ந்த இரண்டாவது நிமிடத்திலேயே நெஞ்சு அடிக்க ஆரம்பித்துவிட்டது, லேபில் வந்தது மாதிரியே. டாக்டர் சொல்லியிருந்தார், எழுந்து ஓடாதீர்கள், வந்தால் வரட்டும், எண்ணிக்கொண்டே இருங்கள், இறங்கிவிடும் என்று. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். கேட் திறக்கும் சத்தம். கண்ணைத் திறந்தேன். உன் மாமனார். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து இருட்டோடு கிளம்பி, தோட்டத்து வாழைத்தாரோடு, அச்சடிக்கும் முன்னால் பத்திரிகையை என்னிடம் காட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போகலாம் என்று வந்திருக்கிறார். வீடு தேடி வந்தவரை "வாங்க" என்று சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் மற்ற எதை விட்டாலும் மன்னிப்பார்கள், அந்த ஒரு சொல்லை விட்டால் மன்னிக்க மாட்டார்கள். எனக்குத் தெரியாதா? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு எழவில்லை. எழுந்தால் அவர் காலடியிலேயே விழுந்துவிடுவேன் என்று தோன்றியது. ஒரே ஒரு மூச்சு, இறங்கிவிடும், பிறகு எழுந்து கையைப் பிடித்து அழைத்துப் போகலாம் என்று கண்ணை மூடினேன். மறுபடி திறந்தபோது கேட் சாத்தியிருந்தது. மதில்மேல் வாழைத்தார் இருந்தது. கார் வீதி முனை திரும்பிவிட்டது.

உடனே போன் செய்தேன். "ஏனுங்க, மன்னிச்சுக்கோணுமுங்க, சித்த ஒடம்பு சரியில்லீங்க" என்றேன். "அட, அதொண்ணுமில்லீங்க. நாங்களும் சொல்லாமக் கொள்ளாம வந்துபோட்டமுங்க. ஒண்ணுமில்லீங்க. நீங்க ரெஸ்ட் எடுங்க. ஒண்ணுமில்லீங்க" என்றார். நம் ஆட்கள் ஒரு தடவை ஒண்ணுமில்லீங்க என்றால் ஒன்றுமில்லை. மூன்று தடவை சொன்னால் வண்டி நிறைய இருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் நீ கூப்பிட்டாய். நீ கட்டப் போகிற பெண் உன்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டதாகச் சொன்னாய்: "மாமாவுக்கு எங்க மேல ஏதாச்சும் வருத்தமுங்களா? எங்கப்பா ராத்திரி சோறே உங்கலீங்க." எனக்குத் தாங்கவில்லை. உன்னிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நெஞ்சு அடித்தது, நாக்கு எழாதது, கண் திறந்து பார்த்தும் பேச முடியாதது எல்லாம். "ஒரு மனுசன் கண்ண மூடி உக்காந்திருக்கான்னா உள்ள என்ன பாடு படறானோன்னு நெனைக்க மாட்டாங்களா? பாத்துட்டுப் பேசாம இருந்தா அது திமிருதானா?" என்று உன் காது கிழியக் கத்தினேன். நீ முழுக்கக் கேட்டாய். பிறகு, சத்தமே இல்லாமல், "அப்ப பெரியப்பா அன்னிக்கு எப்படி உக்காந்திருந்தாருங்கப்பா?" என்று கேட்டாய்.

இதற்குத்தான் போனை வைத்தேன்.

எப்படி உட்கார்ந்திருந்தார் என்று சொல்கிறேன். உன் பிளஸ் டூ மார்க் வந்த மறுநாள். முதல் இனிப்பை அண்ணன் வாயில் போட வேண்டும் என்று, உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு உடுமலைக்குப் போனேன். அவர் வீட்டு வாசலில், வேப்பமர நிழலில், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. கை இரண்டும் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்தன. கேட்டைத் திறந்தோம். கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். உன் அம்மா, "தூக்கக் கலக்கமாட்ட இருக்குதுங்க, உள்ள போயி அக்காளப் பாக்கலாம் வாங்க" என்றாள். "பாத்தாரு. பாத்துட்டு மூடிக்கிட்டாரு. நீ வாரியா, இல்ல நான் மட்டும் போகட்டுமா?" என்றேன். இனிப்புப் பெட்டியை மதில்மேல் வைத்துவிட்டுப் பஸ் ஏறினோம். அவர் மகன் பிளஸ் டூவில் தவறியிருந்த வருடம் அது. பொறாமை என்று முடிவு கட்டினேன். சாயங்காலம் அவர் போன் வந்தது, எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் வந்தது. எடுக்கவில்லை. பிறகு வரவில்லை. இந்தப் பதினோரு வருடத்தில் எவரிடம் கதை சொன்னாலும் அந்த இரண்டு போனை நான் சொன்னதில்லை. உன்னிடமும் சொன்னதில்லை. நாற்காலிக் கையைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பற்றியும் சொன்னதில்லை. ஆனால் பார்த்திருக்கிறேன், பார். அன்றைக்கே பார்த்திருக்கிறேன்.

கோகிலா கல்யாணத்துக்கு நான் போகவில்லை, உன் அம்மாவையும் விடவில்லை. நீ காலேஜ் டூர் என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் போனாய். திரும்பி வந்தபோது உன் பையின் அடியில் தாம்பூலப் பை இருந்தது. அதிலிருந்த தேங்காயை உன் அம்மா உடைத்துச் சட்னி அரைத்தாள். அது எங்கிருந்து வந்த தேங்காய் என்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் நாலு இட்லி கூடச் சாப்பிட்டேன். அன்றைக்காவது வாயைத் திறந்து கேட்டிருக்கலாம், கல்யாணம் எப்படி நடந்தது, அண்ணன் எப்படி இருக்கிறார் என்று. கேட்கவில்லை.

நேற்றுத்தான் உன் அம்மாவிடம் கேட்டேன். அண்ணன் தோட்டத்துத் தென்னையெல்லாம் வாடல் நோய் விழுந்து வரிசை வரிசையாகப் போன வருடமாம் அது. அண்ணன் தூக்கமில்லாமல் கிடந்தாராம், வெளியில் போகவே பயந்தாராம், கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லி உடுமலையில் ஒரு டாக்டர் சொல்லியிருந்தாராம். பெரியம்மா எப்போதோ ஒரு கல்யாண வீட்டில் இவளிடம் சொல்லியிருக்கிறார். "ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நீங்க எங்கீங்க கேட்டீங்க? அண்ணன் பேரெடுத்தாலே தட்ட நகுத்திப்போட்டு எந்திரிச்சுப் போவீங்க" என்றாள். எழுந்து போகலாம் என்றுதான் தோன்றியது. போகவில்லை.

எல்லாம் தெளிந்துவிட்டது, அண்ணன்மேல் வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய். இரண்டு தடவை போன் செய்தவர் மூன்றாவது தடவை செய்திருக்கக்கூடாதா? உடம்பு சரியில்லை என்று ஓர் ஆளிடம் சொல்லி அனுப்பியிருக்கக்கூடாதா? இன்றைக்குக் காலையும் ஆறாவது மூச்சில் அவர் வந்தார், இதையே கேட்டேன். ஆனால் ஒரு வித்தியாசம். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று கேட்கும்போதே எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் விட்டுவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். இதைத்தான் நீ மாடியில், மோட்டார் சத்தத்துக்கு நடுவில், மாதக்கணக்காகச் செய்துகொண்டிருந்தாய் என்று நினைக்கிறேன். பகையை மறக்க வைக்கிற வித்தை இதில் எதுவும் இல்லை. திரும்பி வருகிற வழி மட்டும்தான் இருக்கிறது. அதுவும் ஒவ்வொரு தடவையும் நாமே நடந்து வர வேண்டும். எனக்கு இந்த வயதில் இது பெரிய எரிச்சல். ஆனாலும் லேபில் அடித்தது மாதிரி நெஞ்சு மறுபடி அடித்தால் என்ன செய்வது என்று இப்போது எனக்குத் தெரியும். அது உன் தகப்பனிடமிருந்து உனக்கு வந்திருக்க வேண்டிய அறிவு. தலைகீழாக உன்னிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது.

உனக்கு ஒன்று சொல்கிறேன், கேட்டால் கேள். கல்யாணத்துக்குப் பிறகு விட்டுவிடாதே. புது வீடு, விருந்து, கோயில் என்று ஆறு மாதம் நம் ஆட்கள் உன்னைக் காலையில் தனியாக விட மாட்டார்கள். அந்தப் பெண்ணிடம் இப்போதே சொல்லிவிடு, உனக்கு என்ன வருகிறது, ஏன் உட்காருகிறாய் என்று. சாமியார்ப் பேச்சு என்று ஆரம்பிக்காதே, வியாதி என்றே சொல். உன் மாமனாருக்கும் நானே சொல்லிவிட்டேன். நேற்று மத்தியானம் கோபிக்கே நேரில் போனேன். "பதட்டமுங்க, வைத்தியம் பாக்கறனுங்க, பையனுக்கும் இருந்துச்சுங்க, அவனே சரி பண்ணிக்கிட்டானுங்க" என்று வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் உன்னையும் சேர்த்துச் சொல்லிவிட்டேனே என்று திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது, அதற்கும் நீ கோபித்துக்கொள்ளலாம். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். பிறகு, "எனக்கும் அப்பப்போ நெஞ்சு படபடங்குதுங்க, வெளிய சொல்றதில்லீங்க. மொதல்ல உள்ள வாங்க" என்றார். இந்த ஊரில் எத்தனை பேர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ.

வரும் ஞாயிறு உடுமலைக்குப் போகிறேன். உன் அம்மா தட்டு எடுத்து வைத்துவிட்டாள். வெற்றிலை, பாக்கு, பழம்; சனிக்கிழமை அச்சாகி வரும் முதல் பத்திரிகையும் அதில் ஏறும். அண்ணனிடம் கொடுத்துவிட்டுத்தான் கோகிலாவைக் கேட்க முடியும், முறை அப்படி. அவர் வாங்கிக்கொள்வாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டுக்குள் நுழையும்போது அவர் வேப்பமர நிழலில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கலாம். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளலாம், இந்தத் தடவை வேண்டுமென்றேகூட மூடலாம், அதற்கு அவருக்குக் காரணம் இருக்கிறது. தட்டை மதில்மேல் வைக்க மாட்டேன். மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு நானும் உட்கார்ந்துகொள்வேன். இருபது நிமிடம் உட்கார எனக்குத் தெரியும் இப்போது.

அப்பா